அழித்த பதிவும் ஐந்து வாக்குகளும்

அரசியல் எழுதுகிற நாம் தவறான தகவலைப் போட்டுவிட்டால், பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். இது நம்மை நம்பிப் படிக்கிறவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றே கருதுகிறேன். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

மலேசியாவின் 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பு, பினாங்கின் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு வரவேண்டிய மானியம் நிறுத்தப்பட்டுவிட்டதாக எழுதினேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த ஒரேயொரு குரல்பதிவுதான் என் ஆதாரம். பள்ளி மேலாளர் வாரியத்தைச் சேர்ந்த ஒருவர் மறுநாளே அழைத்து, பணம் தாமதமாகிறதே தவிர நிறுத்தப்படவில்லை என்று விளக்கியதும் பதிவை நீக்கினேன். ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை. தேர்தல் முடிந்த மறுவாரம் பட்டர்வொர்த்தில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேசைப் பெரியவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். விரிசல் விட்ட கண்ணாடிக்குள் என் பெயர், என் படம், நான் அழித்த அதே வாசகங்கள்.

"தம்பி, இது நீங்க எழுதினதுதானே? எங்க வீட்டுல அஞ்சு ஓட்டு. இதைக் காட்டித்தான் எல்லார்கிட்டயும் பேசினேன்."

அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

1924இல் தொடங்கிய மலேசியத் தமிழ் நாளிதழ் தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. நாளிதழ் என்றால், எழுதுகிறவனுக்கும் வாசகனுக்கும் நடுவே 'இதை யார் சொன்னது?' என்று கேட்க ஓர் ஆசிரியர் இருப்பார். நம் பதிவுகளுக்கு அப்படி யாரும் இல்லை என்பதால், அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்பது வேறு விவாதம். நம் கையால் நாமே எழுதியதற்குப் பொறுப்பேற்க நமக்கு நீதிமன்றம் தேவையா?

தவறிய பதிவை அழிக்காமல், அதன் தலையிலேயே திருத்தத்தை எழுதுங்கள். எந்தெந்தப் புலனக் குழுக்களுக்கு அதை அனுப்பினீர்களோ, அந்தக் குழுக்களுக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்புங்கள். கட்சியிடமோ வேட்பாளரிடமோ பணம் வாங்கி எழுதினால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்று அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை அன்னைக்கே போட்டிருந்தா, நானே வீட்டுல சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.