வெளியூர்க்காரர் யாருமே வராவிட்டாலும்

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் ஆளுயரத்தில் ஒரு எழுத்துப் பலகை நிற்கிறது. முதலில் ஒரு 'ஐ', நடுவில் சிவப்பு இதயம், அப்புறம் ஊர்ப் பெயர். ஏரிக்கரையில் இருக்கும், இல்லையென்றால் பூங்கா வாசலில். ராத்திரி விளக்கு எரியும். குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் 'எங்க ஊர் மாதிரி வேற ஊர் கிடையாது' என்று சொல்வதற்கு எல்லா ஊரும் ஒரே மாதிரிப் பலகையை வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி ஒரு சண்டை ஓடியது. ஒரு ஊரை வேறு எந்த ஊரிலிருந்தும் பிரித்துக் காட்டுவது எது? வழக்கமான பதில்கள் வந்து விழுந்தன. சாப்பாடு, பழைய கட்டடம், பேச்சு வழக்கு, தண்ணீர், காற்று. கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்கள். அங்கே எழுத நினைத்தது நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்று ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். மலை, மரவீடுகள், கூரான தேவாலயக் கோபுரம் என்று நாட்காட்டிப் படம் போலவே இருக்கும். சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் அந்த ஊரை அப்படியே நகலெடுத்துக் கட்டி 2012-இல் திறந்தார்கள். ஹாங்சோ நகரத்துக்குப் பக்கத்தில் பாரிஸ் மாதிரி ஒரு குடியிருப்பே இருக்கிறது, ஐஃபில் கோபுரம் உட்பட. கால்வாய்களுக்குப் பேர்போன இத்தாலியின் வெனிஸுக்கு இரண்டு நகல்கள். லாஸ் வேகாஸில் 1999-இல் திறந்த ஒரு சூதாட்ட விடுதி, 2007-இல் சீனாவின் மக்காவ் நகரத்தில் அதே பாணியில் இன்னொன்று. இரண்டிலும் கட்டடத்துக்குள்ளேயே கால்வாய் ஓடுகிறது. கோண்டோலா படகுக்காரர் பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறார். கூரையில் வானத்தை வரைந்து வைத்திருப்பதால் மழைக்கும் பயமில்லை. ஆக, கண்ணால் பார்த்துப் படம் எடுக்க முடிகிற எதையும் காசு இருந்தால் இன்னொரு இடத்தில் கட்டிவிடலாம்.

சாப்பாடு இதைவிடச் சுலபமாக ஊர் தாண்டும். ஜிகர்தண்டா இன்று கிடைக்காத ஊர் எது? நெடுஞ்சாலையில் பத்து மைலுக்கு ஒரு கடை. அதில் பாதிக்குமேல் குடிக்க லாயக்கில்லை என்பது என் கருத்து, ஆனால் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அசல் வெனிஸின் நிலைமைதான் பரிதாபம். 1950-களில் அதன் பழைய நகரத் தீவுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. வீடுகள் விடுதிகளாக மாறின. 2024-இல் பகலில் வந்துபோகிறவர்களிடம் சில நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போகிற இடமாக அசலே ஆகிவிட்ட பிறகு, நகலைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன இருக்கிறது?

ஆனால் அதே வெனிஸில் நவம்பர் 21-ஆம் தேதி ஒன்று நடக்கிறது. 1630-இல் கொள்ளைநோய் வந்து ஊரைச் சூறையாடியபோது, பிழைத்தால் மாதாவுக்கு ஒரு கோயில் கட்டுகிறோம் என்று நகர ஆட்சி மன்றம் நேர்ந்துகொண்டது. கட்டியும் முடித்தார்கள். இன்றும் அந்த நாளில் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, ஊர்க்காரர்கள் நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள். வீட்டில் உப்புக்கண்டம் போட்ட ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் சேர்த்து ஒரு சூப் வைப்பார்கள். நவம்பர் குளிர்காலம், சுற்றுலாக் கூட்டம் குறைவு. யார் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய கடனை வருடா வருடம் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை லாஸ் வேகாஸில் கட்ட முடியாது.

என் அளவுகோல் இதுதான். வெளியூர்க்காரர் ஒருத்தர்கூட வரவில்லை என்றாலும் அந்த ஊர் எதைச் செய்தே தீரும்? அந்த நாளில், அந்த இடத்தில், யாரும் சொல்லாமலே?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஊரை வைத்துச் சொல்கிறேன். நான் மதுரைக்காரன் இல்லை. வேலைக்காகப் போய்ப் பல வருடம் தங்கியவன். அதனால் ஊர்ப்பெருமைக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம். மதுரைக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிற 'தூங்கா நகரம்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சங்க நூலான மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி என்று இரவுக் கடைத்தெரு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு ஐ.டி. கம்பெனி இருக்கிற எந்த ஊர் தூங்குகிறது?

மதுரையின் நடு ஊர் வரைபடத்தைப் பாருங்கள். கோயிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே வந்தால் சித்திரை வீதிகள், அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதையும் சுற்றி மாசி வீதிகள். ஒவ்வொன்றும் நாலு திசைக்கும் ஒன்று. அந்தந்த மாதத்துத் திருவிழாவில் சாமி வலம் வந்த தடம்தான் தெருவாகவும் தெருப் பெயராகவும் நிற்கிறது. இதுவரை யாரும் எழுதக்கூடியதே. ஸ்ரீரங்கத்துக்காரர் யாராவது கோபித்துக்கொண்டு, 'எங்க ஊரிலும் உத்திர வீதி, சித்திரை வீதி உண்டு' என்பார். உண்மைதான். எனவே வீதி அமைப்பை மட்டும் வைத்து மதுரைக்கு மாலை போட முடியாது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். காரணம், மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். மாசியில் அறுவடை, தேர் இழுக்க ஆள் வரவில்லை, அதனால் மாற்றினார் என்பார்கள். மாதம் மாறியது, தடம் மாறவில்லை. அழகர்கோயில் பெருமாளான அழகர் கதையும் இப்படித்தான். அவர் முன்பு ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கம் தேனூரில். அந்த விழாவையும் நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து கல்யாணத்தோடு சேர்த்தார். வண்டியூரில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிற மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். சைவக் கோயில் விழா ஒன்று, வைணவக் கோயில் விழா ஒன்று, இரண்டையும் ஒரு அரசர் ஒட்டவைத்தார். ஒட்டிய இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு கதையைப் போட்டுப் பூசிக்கொண்டார்கள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் வருகிறார், வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, கோபத்தில் ஆற்றோடு திரும்பிவிடுகிறார். எந்தப் புராணத்திலும் இல்லாத கதை. ஆனால் நம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் நடக்கிற கதை.

அந்தச் சில நாள் ஊர் பேசுகிற விதத்தைக் கேட்க வேண்டும். 'சாமி ஊர்வலம் எங்கே வருகிறது' என்று யாரும் கேட்பதில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்றபடி, "தம்பி, அழகர் எங்க வந்துட்டிருக்காரு? தல்லாகுளம் வந்துட்டாரா?" என்பார். பஸ்ஸில் வருகிற சொந்தக்காரரை விசாரிக்கிற அதே தொனி. இப்போது காவல்துறையே அழகர் இருக்கும் இடத்தைச் செல்பேசியில் பார்க்க வழி செய்து தந்திருக்கிறது. கள்ளர் வேடத்தில் கண்டாங்கி கட்டி, வளைத்தடி பிடித்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வருகிறார். வழிநெடுக அவர் நின்று போகிற நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ சங்கத்துக்கோ கடைத்தெருவுக்கோ உரியது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெண்கள் செம்பில் சர்க்கரை நிறைத்துச் சூடம் ஏற்றி நிற்பார்கள். கருப்பசாமி வேடம் போட்டவர்கள் தோல் பைத் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். மோட்டார் வைத்துப் பீய்ச்சத் தொடங்கிய சிலரை அடக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது, அதுவும் மதுரைதான். தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு என்று ஊரே பார்க்கும். பச்சை என்றால் மழை, விளைச்சல். வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அணையிலிருந்து திறந்துவிடுவார்கள். அழகர் வருகிறார் என்று ஆற்றையும் வரவழைக்கிற ஊர்.

வெளியூர் ஆட்களுக்கு அதிகம் தெரியாத இன்னொன்று, கல்யாணச் சாப்பாடு. மீனாட்சி திருக்கல்யாணத்துக்குச் சேதுபதி பள்ளி மைதானத்தில் விருந்து. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு விருந்து, மறுநாள் கல்யாண விருந்து. வியாபாரிகள் காய்கறியும் அரிசியும் அனுப்புவார்கள். ராத்திரி முழுக்கக் காய் நறுக்க ஜனங்கள் அவரவர் வீட்டிலிருந்து கத்தி, அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் அழைப்பதில்லை, கூலியும் இல்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிவிட்டுப் போய் மொய் எழுதுகிறார்கள். சாமி கல்யாணத்துக்கு மொய்! உண்டியலில் காணிக்கை போடுவது எல்லா ஊரிலும் உண்டு. ஓசியில் சாப்பிட்டால் கௌரவம் என்ன ஆவது என்று மேசைக்கு முன்னால் நின்று பெயரைச் சொல்லி 101 ரூபாய் எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மதுரைக்காரர்களின் முரட்டுத்தனம் பற்றி சினிமா நமக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இந்த மொய் நோட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

என் அளவுகோலுக்கு ஒரு பரீட்சையே நடந்தது, நாம் யாரும் கேட்காமல். 2020-இல் ஊரடங்கு. தேர் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கவில்லை, விருந்தும் இல்லை. கோயிலுக்குள் ஒரு சில பட்டர்கள் மட்டும் நின்று திருக்கல்யாணத்தை நடத்த, அது நேரலையாக வந்தது. வீடுகளில் பெண்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, மீனாட்சிக்குத் தாலி ஏறிய அதே நேரத்தில் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சுற்றுலாப் பயணியும் இல்லை, கடையும் இல்லை. ஊருக்குள் ஊர்க்காரர்களே வெளியே வர முடியாத நாளில் அது நடந்தது.

இதை வைத்துக்கொண்டு பாரம்பரியப் பாதுகாப்பு என்று நாம் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, பெயரில்தான் புது. அதன் சிற்பத் தூண்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்து மிஷின் மிதித்தார்கள். வளையல், பாத்திரம், புத்தகக் கடைகளும் இருந்தன. சித்திரை மாதம் நெருங்கினால் அழகர் விழாவுக்கான வேட உடைகளை அங்கேதான் தைப்பார்கள். கருப்பசாமி வேடத்துக்கு அளவு எடுக்காமலே ஆளைப் பார்த்துத் துணி வெட்டுகிற கைகள் அவை. சில வருடங்களுக்கு முன் கடைகளைக் காலி செய்து பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூண்களைக் கடைகள் மறைத்தது உண்மை, எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் ஏறியிருந்ததும் உண்மை. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும், அதில் மறுபேச்சில்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. தூணைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, நிபுணர் இருக்கிறார். அந்தத் தையலைப் பாதுகாக்க எந்தப் பட்டியலும் இல்லை. தூண் அங்கேயே நிற்கும். தையல்காரரின் மகன் ரெடிமேட் கடைக்கு வேலைக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

இது மதத்தைப் பற்றிய பதிவு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று ஜனங்கள் சொல்வதையும், சாமி கும்பிடாத என் நண்பன் வருடா வருடம் லீவு போட்டு ஆற்றுக்குப் போவதையும் எந்த மதக் கணக்கில் எழுதுவது? சென்னைக்கு மார்கழிக் கச்சேரி இருக்கிறது. அது என் அளவுகோலில் தேறுமா என்று எனக்கே குழப்பம். அமெரிக்காவிலிருந்து யாரும் வராவிட்டாலும் சபாக்கள் நடக்கும் என்பார்கள். கேண்டீன் நடக்குமா என்று தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, கீழே உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். அல்வா, பிரியாணி, மலைக்காற்று, பழைய கோட்டை எதுவும் வேண்டாம், அவை எல்லாம் தெரிந்ததுதான். சிறுவாணிக்கும் தனி விலக்கு கிடையாது. பார்க்க ஆளே வராவிட்டாலும் உங்கள் ஊர் விடாமல் செய்கிற ஒன்று, அதைச் சொல்லுங்கள். நாகூர்க்காரர்கள், வேளாங்கண்ணிப் பக்கத்தவர்கள், தூத்துக்குடி பனிமய மாதா தேரை இழுத்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். திருவாரூர்க்காரர்கள் ஆழித்தேரின் உயரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், முட்டுக்கட்டை போடுகிறவர் யார், அந்த வேலையை அவர் யாரிடம் கற்றார் என்று எழுதினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.