எனக்கு இலக்கு தெரிகிறது, சைட்தான் தெரியவில்லை

வில்வித்தையில் ரிகர்வ் என்ற முனை வளைந்த வில்லை எடுப்பவர்களுக்கு இலக்கு 70 மீட்டர் தூரத்தில். ஐம்பது வயதைத் தொட்டுவிட்டால் 60 மீட்டர். சர்வதேச விதிப்புத்தகம் இப்படித்தான் சொல்கிறது. வயதானவர்கள் பாவம் என்று பத்து மீட்டரைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். யாரைக் கேட்டுச் செய்தார்கள்? 70 மீட்டரில் நிற்கும் இலக்கு எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்பு தெரிகிறது. தோப்பின் சந்து வழியே கடலில் போகிற வள்ளம் தெரிகிறது. அதில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: நீட்டிய கைக்குச் சற்று முன்னால், வில்லிலேயே திருகி மாட்டியிருக்கிற சைட், அதாவது குறிபார்க்கும் சிறு வளையம். தூரத்தில் இருப்பது தெரிகிறவனுக்குத் தூரத்தைக் குறைத்துக் கொடுப்பது என்ன விதமான கருணை?

தோள் தளர்ந்திருக்கும், கனமான வில்லை இழுக்க முடியாது, அதற்காகத்தான் குறைத்தார்கள் என்று பயிற்சியாளர் தம்பி விளக்குகிறார். சரி, தோள் சார்பில் நன்றி. கண்ணுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

வெள்ளெழுத்து என்றாலே எல்லாருக்கும் செய்தித்தாள்தான் நினைவுக்கு வருகிறது. பேப்பரை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கும் ஒரு தாத்தாவின் படம் அவர்கள் மனதில் நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. நடப்பது வேறு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். கிட்டே பார்க்க உப்பும், எட்டப் பார்க்கத் தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிக்கொண்டே போகிறது. நாற்பதைத் தாண்டியதும் அது நமக்கே தெரிய ஆரம்பிக்கிறது. என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. வில்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரண்டும்தான் தெரிகிறதே மாமா" என்கிறான். இரண்டையும் ஒரே கணத்தில் கூர்மையாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. அவன் கண் சைட்டுக்கும் இலக்குக்கும் தாவுகிற வேகத்தில் அது தாவுவதே அவனுக்குத் தெரிவதில்லை. என் கண் தாவுவதை நிறுத்திவிட்டது. இலக்கைப் பார்த்தால் சைட்டின் வளையம் கரைந்து, இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இதில் எந்த வளையத்தை இலக்கின் நடு மஞ்சளின் மேல் வைப்பது?

"குத்துமதிப்பாக நடுவில் வையுங்கள் அண்ணே" என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கண்ணிலிருந்து சைட் சுமார் 90 செ.மீ. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 70 மீட்டரில் கிட்டத்தட்ட 8 செ.மீ. பிசகும். 122 செ.மீ. இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 6.1 செ.மீ.தான். ஒரு மில்லிமீட்டர் குத்துமதிப்புக்கு ஒரு வளையத்துக்கும் மேல் பறிபோகிறது. இராமேசுவரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். குத்துமதிப்பு என்ற சொல்லே எனக்கு ஆகாது.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். இராமநாதபுரத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் ஒன்றுதான். தூரத்துக்குச் சுவரில் ஓர் எழுத்துப் பலகை. கிட்டத்துக்குக் கையில் ஓர் அட்டை, 40 செ.மீ.யில். இரண்டும் தெரிந்துவிட்டால் உலகம் முழுவதும் தெரிந்துவிட்டதாக அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் மனிதன் எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"90 செ.மீ.யில் ஒரு சின்னப் புள்ளியைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"கம்ப்யூட்டரா சார்?"

"இல்லை. வில்."

"படப்பிடிப்புக்கா சார்?"

அதற்கு மேல் என்ன பேசுவது? ஆனால் விற்பனையில் அவர் சளைத்தவர் அல்லர். புரோக்ரசிவ் லென்ஸ் போட்டால் எட்ட, கிட்ட, நடு எல்லாம் ஒரே கண்ணாடியில் வந்துவிடும் என்று நம்ப வைத்தார். விலையைக் கேட்டால் நாணே அறுந்துவிடும். வாங்கினேன்; அலுவலக மேசைக்கு அருமையாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். வில்லுக்கு அது எமன். வில் எடுப்பவன் இலக்கைப் பார்த்து நேராக நிற்பதில்லை. பக்கவாட்டில் நின்று கழுத்தை மட்டும் திருப்புகிறான். வலக்கைக்காரனின் வலக்கண், கண்ணாடியின் நடுவழியாகப் பார்ப்பதே இல்லை. மூக்கை ஒட்டிய ஓரத்தின் வழியாகப் பார்க்கிறது. புரோக்ரசிவ் லென்ஸில் தெளிவெல்லாம் நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான், ஓரமெல்லாம் கோணல். லென்ஸின் மேலே எட்டத்துப் பகுதி, கீழே கிட்டத்துப் பகுதி, நடுப்பகுதிக்கு வர வேண்டுமானால் முகவாயைத் தூக்க வேண்டும். முகவாயைத் தூக்கினால் நாண் தொட வேண்டிய இடம் மாறிவிடும். அது மாறினால் அம்பு கருவேலங்காட்டில். ஐந்து நிமிட விளக்கம் இது. பல்லாயிரம் ரூபாய் வாங்குகிறவர் ஐந்து நிமிடம் காது கொடுக்கக் கூடாதா?

"காம்பவுண்டுக்கு மாறிவிடுங்கள்" என்பது அடுத்த இலவச ஆலோசனை. அது கப்பிகள் வைத்த இன்னொரு வகை வில். அங்கே நாணுக்குள்ளேயே பீப் என்று ஒரு சிறு துளையைச் செருகிக்கொள்ளலாம், சைட்டில் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது. சிறு துளை வழியே பார்த்தால் எட்டத்திலும் கிட்டத்திலும் மங்கல் குறையும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. ரிகர்வுக்கு அது தடை. பீப் கூடாது, சைட்டில் லென்ஸ் கூடாது. சரி, துளையை வில்லில் வைக்காமல் மூக்குக் கண்ணாடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் முந்திக்கொண்டு தடை போட்டிருக்கிறார்கள்: நுண்துளைக் கண்ணாடி கூடாது, குறிபார்க்க உதவும் எந்த அடையாளமும் கண்ணாடியில் இருக்கக் கூடாது. குறிபார்க்காத கண்ணை முழுவதுமாக மறைத்துக்கொள்ளலாமாம். பார்க்காத கண்ணுக்கு அத்தனை சலுகை, பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் இல்லை! இருபது வயதுக்காரனுக்குத் துளை தருவது கூடுதல் வசதி. தடை செய்யுங்கள், புரிகிறது. ஐம்பது வயதுப் பிரிவில் அதை அனுமதித்தால் யாருடைய பதக்கம் பறிபோகும்? அந்தப் பிரிவில் நிற்கிற அத்தனை பேருக்கும் இதே கண்தானே?

இனி உதாரணம் காட்டுகிறவர்களிடம் வருகிறேன். வில் என்றால் கொரியாவின் இம் டோங் ஹியூனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில் 699 புள்ளிகள், அப்போது அது உலக சாதனை. பார்வை மிகக் குறைந்தவர் என்று செய்திகள் எல்லாம் எழுதின. "அவராலேயே முடிகிறது, உங்களால் ஏன் முடியாது?" அவருக்கு அப்போது வயது 26 ஐயா! அவருக்குக் கலங்கியது தூரத்து இலக்கு. கலங்கிய வட்டத்துக்கும் ஒரு நடு உண்டு. கண் அதைக் கண்டுபிடித்துவிடும். எனக்குக் கலங்குவது சைட். வேறு நோய்க்காரரின் மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்துத் தைரியம் சொல்லாதீர்கள்.

இன்னும் சிலர் நேரே புராணத்துக்குப் போய்விடுகிறார்கள். "அர்ச்சுனனுக்குக் குருவியின் கண் மட்டும்தான் தெரிந்தது" என்று உபதேசம். தெரியாமல் என்ன? இளவட்டம். மரத்தடியில் பையன்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்ட துரோணருக்கு அந்தக் குருவியாவது தெரிந்ததா என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இதைவிட மோசம். ராமர் வில்லெடுத்த கரையில் நின்றுகொண்டு குறி தப்புகிறதே என்று கேலி. ராமர் இந்தக் கரையில் அம்பு தொடுத்தது கடலைப் பார்த்து. கடலைத் தவறவிட என்னாலும் முடியாது.

"இந்த வயதில் வில் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் தங்கம் வென்ற குவீனி நியூவாலுக்கு வயது 53. கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு, "அவர்கள் வெள்ளைக்காரர்கள்" என்கிறார்கள்.

ஊரும் காற்றும் சேர்ந்து செய்கிற கொடுமை தனி. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு துண்டு நிலம். எந்தப் பருவத்திலும் ஏதாவது ஒரு கடலிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். ஆடியில் கேட்கவே வேண்டாம். காற்று அடங்குவது விடியலில்தான். ஆனால் விடியலில் வெளிச்சம் குறைவு, கண்மணி விரிந்திருக்கும், மங்கல் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் கண்மணி சுருங்கும், அதுவே ஒரு சிறு துளையாக வேலை செய்யும், சைட் கொஞ்சம் தெளிகிறது. சரி, இழுக்கலாம் என்று வில்லைத் தூக்கும்போது கடற்காற்று எழுந்து அம்பைத் தள்ளத் தொடங்கும். கண் இருக்கும்போது காற்று, காற்று இல்லாதபோது கண் இல்லை. மாலையில் இன்னொரு வேடிக்கை. வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப்போகும்; அந்தி வெளிச்சத்தில் இலக்கின் நீல வளையமும் கறுப்பு வளையமும் எனக்கு ஒன்றாகிவிடுகின்றன.

கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் உப்புப் படலம் ஏறிவிடும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. குடம் காசு கொடுத்து வாங்குகிற குடிநீரில் கழுவ வேண்டும். அப்போது வீட்டில் என்ன பார்வை பார்க்கிறார்கள் என்பதற்குக் கண்ணாடியே தேவையில்லை, அது எனக்கு எல்லாத் தூரத்திலும் தெளிவாகத் தெரிகிறது.

தவறிப்போகிற அம்பைத் தேடுவது பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கருவேல முள்ளுக்குள், நிழலில், கறுப்பு கார்பன் அம்பு. அக்கா மகன் வந்து, "இதோ கிடக்கிறதே மாமா" என்று என் காலடியிலிருந்து எடுக்கிறான்.

இலக்குக்குப் போனால் புள்ளி எழுதும் தாளில் எறும்பு நுழையாத கட்டங்கள். அதற்குப் படிக்கிற கண்ணாடி. எய்கிற கோட்டுக்குத் திரும்பினால் அதைக் கழற்ற வேண்டும். அம்பின் வாலை நாணில் பொருத்தும்போது மறுபடியும் கிட்டப் பார்வை. அம்பு எங்கே குத்தியது என்று பார்க்கப் பைனாகுலர். சட்டைப் பையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று. வில்லைத் தவிர மற்றதெல்லாம் கையிலும் மேலிலும் இருக்கிறது.

கடைசியில் எனக்கு வேண்டியதை நானே கணக்குப் போட்டேன். சைட்டைக் கூர்மையாகப் பார்க்க ஏறத்தாழ +1.1 பவர் வேண்டும். இலக்குக்கு எனக்கு பவரே வேண்டாம். பாதியைப் போட்டால், அதாவது +0.50 போட்டால், சைட்டும் சற்றுத் தெளியும், இலக்கும் சற்றுத்தான் மங்கும்; இரண்டையும் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஒரே பவர் உள்ள சாதாரண லென்ஸ், அகலமான வட்ட ஃபிரேம், வலப்பக்க லென்ஸின் மையத்தை மூக்குப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். தாளில் படம் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். "இப்படிப் போட்டால் எட்டமும் முழுதாகத் தெரியாது, கிட்டமும் முழுதாகத் தெரியாது சார்" என்றார். "அதுதான் வேண்டும்" என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு நாணை இழுத்தால் சைட்டும் இல்லை, இலக்கும் இல்லை. வில்லைப் பிடித்திருக்கிற என் கைவிரல் நகம் மட்டும் பிரமாதமாகத் தெரிகிறது. போன் போட்டுக் கேட்டால், "0.50 என்று யாரும் போட மாட்டார்கள் சார், எழுத்துப் பிழையாக இருக்கும் என்று லேப்பில் 1.50 ஆகத் திருத்திவிட்டார்கள். மையத்தையும் நடுவிலேயே வைத்துவிட்டார்களாம். பேப்பர் படித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும்" என்கிறார்.

வியாழக்கிழமை மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன். இந்த முறை படம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. வில்லையே எடுத்துக்கொண்டு போகிறேன், நாண் பூட்டி.