யாருக்காக எடுக்கிறார்கள்?

தொலைக்காட்சித் தொடரை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்களாம். படமாக்கும்போது மட்டும் புதியவர்களுக்குப் புரிய வேண்டுமாம். 2002இல் வந்த வேகத்தில் நிறுத்தப்பட்ட ‘ஃபயர்ஃபிளை’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடர், 2005இல் ‘செரினிட்டி’ என்று படமானது. தொடக்கமே வகுப்பறைப் பாடம்! விருந்தாளிக்குக் காரம் ஆகாதென்று அரிசிம்பருப்புச் சோற்றில் மிளகாயைக் குறைத்தது போல இருந்தது. அத்தனை விளக்கியும் ஈரோட்டு மாமனார், “ஏனுங்க மாப்பிள்ளை, இவர் நல்லவருங்களா, கெட்டவருங்களா?” என்று காட்சிக்குக் காட்சி கேட்கிறார். கேள்விக்கு நடுவே முறுக்கு நொறுங்கும் சத்தம் வேறு. வசூலும் தேறவில்லை. அதே பெயர்த் தொடரிலிருந்து 1992இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ படம் புதியவர்களைத் துளியும் சட்டை செய்யவில்லை; அதுவும்தான் ஓடவில்லை. எப்படியும் ஓடாது என்றால், ரசிகர்களான எங்களுக்காகவாவது எடுத்துத் தொலைக்கலாமே!