வேகாஸ் நாளைக்கே நின்னுடாது

"மேஜிக்ஸ் கம்பெனி கதை முடிஞ்சது, இனி அவங்களோட வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் வேகாஸ் ப்ரோ ஓபனே ஆகாது, பழைய ப்ராஜெக்ட் எல்லாம் போச்சு"னு போஸ்ட் போட்டிருக்கீங்களே, அது தப்புங்க. கம்பெனி தடுமாறினா சாப்ட்வேரும் செத்துப்போகும்னு கிடையாது. வேகாஸே 1999ல சோனிக் ஃபவுண்டரிங்கிற கம்பெனில ஆடியோ எடிட்டரா ஆரம்பிச்சு, 2003ல சோனி கைக்குப் போய், 2016லதான் மேஜிக்ஸ்கிட்ட வந்துச்சு. பினாக்கிள் ஸ்டுடியோங்கிற இன்னொரு எடிட்டிங் சாப்ட்வேரும் அப்படித்தான், 2005ல அவிட் கம்பெனி வாங்கி 2012ல கோரல் கம்பெனிகிட்ட வித்தாங்க.

மொத்தமா காசு கட்டி வாங்குன லைசென்ஸ்னா, ஏற்கனவே ஆக்டிவேட் பண்ண மெஷின்ல அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். மாசாமாசம் கட்டுறவங்களுக்குத்தான் லைசென்ஸைச் சரிபார்க்கிற கம்பெனி சர்வர் நின்னா அடி விழும். மத்தவங்களுக்கு சிக்கல் புது கம்ப்யூட்டர் மாத்தும்போதும் விண்டோஸ் திரும்பப் போடும்போதும்தான், ஏன்னா ஆக்டிவேஷன் சர்வர் பதில் சொல்லணும்ல.

இன்னொண்ணு, வேகாஸ் ப்ராஜெக்ட் சேவ் ஆகுற வெக் (.veg) ஃபைல்ல உங்க வீடியோ கிடையாது, எந்த கிளிப்பை எங்க வெட்டினோம்ங்கிற கணக்குதான் இருக்கு. நீங்க எடுத்த ஃபுட்டேஜ் உங்க டிஸ்க்லயே பத்திரமா கிடக்கும். பயமா இருந்தா முக்கியமான டைம்லைனை (கிளிப்பை வரிசையா அடுக்கி வச்ச எடிட்டை) மத்த சாப்ட்வேரும் படிக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி, டாவின்சி ரிசால்வ்ங்கிற வேற எடிட்டிங் சாப்ட்வேர்ல திறந்து பாருங்க, கட் எல்லாம் பெரும்பாலும் வந்துடும், எஃபெக்ட்டும் டைட்டிலும் ஒழுங்கா வராது, அதனால நல்ல குவாலிட்டில ஒரு மாஸ்டர் ரெண்டரும் (முடிச்ச முழு வீடியோ ஃபைல்) எடுத்து வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு பீதியில எதையும் அன்இன்ஸ்டால் மட்டும் பண்ணிடாதீங்க.