பேரேடு யாரிடம் இருக்கிறது?

கரூரில் என் மாமா போர்வை, துண்டு, ஜமுக்காளம் விற்கும் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளி சீசனில் ஒரே பெட்ஷீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டோம். நீலக் கட்டம் போட்ட டபுள் பெட்ஷீட், கடைசி ஒன்றுதான் இருந்தது. காலையில் கடைக்கு வந்த ஒரு அம்மா அதை வாங்கிப் போய்விட்டார். மதியம் அதே பெட்ஷீட்டுக்கு ஆன்லைனில் ஆர்டர் வந்து நிற்கிறது. நாங்கள் விற்கும், பல கடைக்காரர்கள் சேர்ந்து விற்கும் ஆன்லைன் சந்தைத் தளத்தில் ஸ்டாக் 1 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்க வேண்டிய பையன் பில் போடும் நெரிசலில் மறந்துவிட்டான். ஆர்டரை ரத்து செய்தோம். அந்த ஒரு மாதத்தில் அப்படி நான்கு ரத்து. அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் எங்கள் சரக்கைத் தேடினால் நாலாவது பக்கம், ஐந்தாவது பக்கம் என்று கீழே போய்விட்டது. ஏன் என்று தளத்துக்காரர்களிடம் கேட்டு எழுதினோம். "உங்கள் செயல்பாட்டை மேம்படுத்துங்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை.

மாமாவை ஆன்லைனுக்கு இழுத்துவிட்டதே நான்தான். 2021இல், ஊரடங்கு முடிந்தும் கடைக்கு ஆள் வராமல் இருந்தபோது, "இணையத்தில் போடுங்க மாமா, ஊர் உலகமே வாங்கும்" என்றேன். கடை வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வாசலைத் திறப்பதற்கு முன்னால் கடைக்குள்ளே கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. குடோனில் என்ன இருக்கிறது என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். கல்லாவில் விற்றது ஆன்லைன் ஆர்டர் பார்க்கும் பையனுக்கு அந்த நிமிடமே தெரிய வேண்டும். உள் வலையமைப்பு என்று பெரிய பேராகச் சொல்கிறார்களே, சின்னக் கடைக்கு அது இவ்வளவுதான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரே கணக்கு. எங்களிடம் டேலி என்ற கணக்கு மென்பொருள் இருந்தது, ஆனால் ஆடிட்டருக்குக் கொடுப்பதற்காக மட்டும் இருந்தது. மாதக் கடைசியில் பில்களை மொத்தமாக ஏற்றுவோம்.

நான் பதினோரு வருடம் இதே ஊரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தவள். திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு இவையெல்லாம் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும். அங்கே ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், பெட்டி மேல் ஒட்டும் பார்கோடு என எல்லாமே வாங்குகிறவரின் இணையதளத்துக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். ஒரு லேபிள் தப்பாக ஒட்டினால் அபராதம், அந்தப் பயம் தனி. ஆனால் ஒரு வாங்குபவரின் தளத்தில் நாங்கள் அனுப்பிய துண்டு வாரம் எத்தனை விற்றது, எந்த நிறம் விற்கவில்லை என்ற கணக்கும் கிடைத்தது. கோடு போட்ட துண்டு வேகமாகப் போகிறது என்று பார்த்ததும் அடுத்த ஆர்டர் வருவதற்கு முன்பே சாயப்பட்டறையில் பேசி வைப்போம், நூலுக்குச் சொல்லி வைப்போம். கடைசி நேரத்தில் விலை ஏறிய நூலை வாங்க வேண்டிய அவதி அதனால் பல தடவை தப்பியது.

இந்த வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் வால்மார்ட் 1991இலேயே ரீடெய்ல் லிங்க் என்ற அமைப்பின் மூலம், தனக்குச் சரக்கு கொடுப்பவர்கள் தங்கள் பொருளின் விற்பனையைத் தாங்களே பார்க்கும்படி செய்தது. சோப்பு செய்கிறவருக்கு எந்தக் கடையில் சோப்பு தீரப்போகிறது என்று தெரியும். தெரிந்தால் சரக்கு நேரத்துக்கு வரும், அலமாரி காலியாக நிற்காது. அதில் கடைக்காரருக்கும் லாபம், கொடுப்பவருக்கும் லாபம். சரக்கு கொடுப்பவர்களை விலையில் நெருக்குகிறார்கள் என்ற குறை எப்போதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கணக்கைக் காட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

மாமாவின் ஆன்லைன் கணக்கைத் திறந்து பார்த்தால் ஆர்டர் தெரியும், ஊர் தெரியும், எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள் என்று தெரியும். வாங்கியவரின் போன் நம்பர் மறைத்திருக்கும். அது சரிதான். என் நம்பர் ஊரில் உள்ள எல்லாக் கடைக்கும் போவதை நானும் விரும்ப மாட்டேன். நான் கேட்பது அது அல்ல. நம் பொருள் ஏன் கீழே போனது, எதைச் செய்தால் மேலே வரும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்புறம், மூன்று வருடம் நல்ல சரக்கு கொடுத்துச் சம்பாதித்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்தால் நம்மோடு வருவதில்லை. புதுத் தளத்தில் மறுபடி முதல் நாள் கடை திறந்த மாதிரிதான். முப்பது வருடம் கட்டிய பெயரை, கடையைக் காலி செய்தால் இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று கட்டிடச் சொந்தக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளில் ஒன்று, எந்த அளவுகோல்களை வைத்துப் பொருட்களை வரிசைப்படுத்துகிறோம் என்பதைத் தளங்கள் எளிய மொழியில், எல்லோரும் பார்க்கும்படி சொல்ல வேண்டும் என்கிறது. மாமா விற்கும் தளத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். பொதுவான நாலு வரி, அதுவும் ஆங்கிலத்தில். கரூர்க் கடைக்காரருக்கு எளிய மொழி என்றால் தமிழ்தானே? இதை விதியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எல்லோருடைய விற்பனையையும் பார்க்கிற இடத்தில் இருப்பவர், தானும் அதே பொருளை விற்க வந்தால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் இதைக் கேட்டார்கள். மற்ற விற்பனையாளர்களின் வெளியே தெரியாத விற்பனைத் தகவல்களைத் தன் சொந்தச் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அமேசான் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது. அங்கே பெரிய தளங்களுக்கான டிஜிட்டல் சந்தைச் சட்டம், விற்பனையாளர் தன் வியாபாரத்தில் உருவான தகவலைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் சரக்கைத் தாங்களே வைத்து விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. பெரிய தளங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கான வரைவு 2024 மார்ச்சில் வெளியானது, அது இன்னும் சட்டமாகவில்லை. ஜவுளி வியாபாரிகள் சங்கங்கள் வரிக்காகக் கூடுகிறார்கள், நூல் விலைக்காகக் கூடுகிறார்கள். இதற்கும் ஒரு தடவை கூடிப் பேச வேண்டும்.

ஓஎன்டிசி என்ற, அரசு ஆதரவுள்ள திறந்த மின் வணிக வலைப்பின்னல் வந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது, இப்போதும் இருக்கிறது. யுபிஐயில் எந்த ஆப்பில் இருந்து எந்த ஆப்புக்கும் பணம் போவது போல, ஒரு ஆப்பில் சேர்ந்த கடை மற்ற ஆப்களில் வாங்குகிறவர்களுக்கும் தெரியும் என்பது அதன் அடிப்படை. 2022இல் முதலில் சோதித்துப் பார்த்த ஐந்து நகரங்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. ஆனால் ஸ்டாக் கணக்கு தப்பாக இருக்கிற கடைக்கு எந்த வலைப்பின்னலும் உதவாது. அங்கேயும் ரத்துதான் செய்வோம்.

அதனால் பொங்கலுக்கு அப்புறம் மாமாவும் நானும் உள்ளே இருந்து ஆரம்பித்தோம். இப்போது கடையில் பில் போட்ட உடனே ஸ்டாக் குறைகிறது. எந்த ரகமும் இரண்டாகக் குறைந்தால் ஆன்லைனில் இல்லை என்று காட்டிவிடுகிறோம். அந்த இரண்டும் கடைக்கு வருகிறவர்களுக்கு. இதுவரை ஸ்டாக் இல்லாமல் ரத்து செய்த ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு வேலையும் நடக்கிறது. மாமாவிடம் முப்பது வருட நோட்டுகள் இருக்கின்றன. பழனியில் எந்த லாட்ஜ் தைப்பூசத்துக்கு முன்னால் எத்தனை பெட்ஷீட் மாற்றும், எந்தக் கல்லூரி விடுதி ஜூனில் வாங்கும், எந்த மண்டபத்துக்கு ஜமுக்காளம் எத்தனை அடி என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. தினமும் கடை சாத்தியதும் அவர் வாசிக்கிறார், நான் டைப் செய்கிறேன். "இந்த லாட்ஜ்காரருக்கு வெள்ளை மட்டும்தான் கண்ணு, கலர் அனுப்பினா திருப்பி அனுப்பிருவாரு" என்று நோட்டில் இல்லாததையும் சொல்வார், அதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன். பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வாட்ஸ்ஆப்பில் புது ரகம் அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்பவர்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். இதுவரை 140 பேர் பட்டியலில் ஏறியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நோட்டு பாக்கி.