யாரோடு உட்காருவது என்பதை நாங்கள் தெரிவு செய்ய முடியாது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெதடிஸ்த ஆலயத்தில் நடந்ததும், அதற்குப் பிறகு அந்த ஐயா போட்ட பதிவும் இங்கே பலருக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. சமாதான ஆராதனையில் சிங்களத்தில் ஜெபம் தொடங்கியதும் எழுந்து வெளியே போனார். வீட்டுக்குப் போய், வெளிநாட்டு மெதடிஸ்தர்கள் வந்தால்தான் எங்களுக்குச் சமாதானம் ஞாபகம் வருகிறது, எல்லாம் காசுக்காக ஆடும் கூத்து என்று எழுதினார். அதற்கு எத்தனை விருப்பக்குறி! அதில் என் உறவினர்கள் இருக்கிறார்கள், ஞாயிறு பாடசாலையில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பிடித்தவர்களோடு மட்டும் உட்காருவதற்குத் திருச்சபை தேவையில்லை. அதற்குக் கலியாண வீட்டுப் பந்தி போதும். வருடப் பிறப்புக்குப் பிறகு வரும் உடன்படிக்கை ஆராதனையில் ஒரு ஜெபம் சொல்கிறோம். லண்டனிலும் சொல்கிறார்கள், பிஜியிலும் சொல்கிறார்கள், மட்டக்களப்பிலும் சொல்கிறோம். நீர் விரும்புகிறவர்களோடு என்னைச் சேர்த்து வையும் என்று அதில் வருகிறது. அந்த ஐயாவும் என் பக்கத்து வாங்கில் நின்று அதைச் சொன்னவர்தான். நீர் விரும்புகிறவர்களோடு. நான் விரும்புகிறவர்களோடு அல்ல.

நாங்கள் தொடங்கியதே அப்படித்தான். 1814 ஜூன் 29 இல் காலியில் வந்து இறங்கிய மிஷனரிமார் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். பெஞ்சமின் கிளஃப் காலியில் நின்றார். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், ஒரு வருடம் ஆவதற்குள் இறந்தும் போனார். அவர்களை அழைத்து வந்த தோமஸ் கோக் கரையைக் காணாமல் கடலிலேயே இறந்தவர். தமிழருக்கு ஒரு மிஷன், சிங்களவருக்கு வேறொரு மிஷன் என்று வரவில்லை. 1964 இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை சுயாதீனமானபோதும் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே மகாநாடாக, ஒரே நிர்வாக சபையாகத்தான் இருந்தது. இன்றும் அப்படித்தான்.

சரி, "அண்ணனைப் பறிகொடுத்தவர்களிடம் வந்து இதைச் சொல்லு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்கிறேன்.

1990 இல் மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் பெரியம்மாவின் மூத்த மகனைக் கொண்டுபோனார்கள். எனக்கு அண்ணா. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்தக் காலத்தில் ஆலயத்தில் பெரியம்மா இருந்த வாங்கில் வேறு யாரும் வந்து இருக்க மாட்டார்கள். பயம். யாரையும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வெறும் வாங்கு என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதே காலத்தில் அயர்லாந்தில் ஏதோ ஓர் ஊர் மெதடிஸ்தப் பெண்களிடமிருந்து நத்தாருக்கு நத்தார் ஓர் அட்டை வரும். பச்சை மையில், வயதானவரின் நடுங்கிய எழுத்து. அண்ணாவின் பெயரைப் பிழையாகத்தான் எழுதியிருப்பார்கள். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் உங்கள் மகனின் பெயரைச் சொல்கிறோம் என்று இருக்கும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் வாசித்துச் சொல்ல, இன்னொரு தரம் வாசி என்பார். பிறகு பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்.

ஜெபித்து அண்ணா வந்துவிட்டாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் இங்கே சொல்லப் பயந்த பெயரை, அவரைக் கண்டிராத ஒரு கிழவி அங்கே சத்தமாகச் சொன்னார். இதைக் கூத்து என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அப்புறம் ஒரு முறை கொழும்பில் திருச்சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் மாத்தறையிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. அவருடைய மகனை 1989 இல் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. கைப்பையைத் திறந்து பொலித்தீனில் சுற்றிய படத்தை அவர் எடுத்தார். வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை. பெரியம்மாவும் எடுத்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, முகம் புள்ளி புள்ளியாக இருக்கும். "இவன்ட பேர் என்னவாம், கேள்" என்றார் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை சிங்களத்தில் ஜெபித்ததும் அப்படி மகனைத் தேடும் ஒரு தாய்தான் ஐயா. நீங்கள் எழுந்து போனது அந்தத் தாயின் முகத்துக்கு முன்னால்.

"முதலில் நீதி, பிறகு சமாதானம்" என்பவர்களின் கோபம் எனக்குப் புரியும். அது என்னுடைய கோபமும்தான். பிள்ளை எங்கே என்று கேட்காத சமாதானம் எனக்கும் வேண்டாம். ஆனால் உலக மெதடிஸ்தர்கள் அதைக் கேட்கச் சொன்னவர்களா, மறக்கச் சொன்னவர்களா? அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி முடிந்ததும் காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி விசாரித்த ஆணைக்குழுவில் மெதடிஸ்த பேராயர் கார்லோஸ் கத்தினோனி இருந்தார். அந்த ஆட்சி பறித்த பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமார், மாயோ சதுக்கத்துப் பாட்டிமார், அவர்களுக்கு 1999 இல் உலக மெதடிஸ்த மன்றம் சமாதான விருது கொடுத்தது. அவர்கள் மெதடிஸ்த அமைப்பு அல்ல, சும்மா இருக்கச் சம்மதித்தவர்களும் அல்ல. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரத்தில் இருக்கும் எங்கள் தாய்மாருக்கு இந்தக் கதையை யார் போய்ச் சொன்னோம்?

காசைப் பற்றிய சந்தேகம் இருந்தால் கணக்குக் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

இன்னொன்று, "உங்கள் உலகச் சபையே உடைந்துவிட்டது" என்கிறார்கள். தன்பாலீர்ப்பைப் பற்றிய சண்டையில் ஐக்கிய மெதடிஸ்த சபையிலிருந்து அமெரிக்காவில் மட்டும் 2023 முடிவதற்குள் சுமார் 7,600 சபைகள் விலகின. 2024 இல் சார்லட்டில் கூடிய மகாநாடு தன்பாலீர்ப்புள்ளவர்கள் குருவாவதற்கு இருந்த தடையை நீக்கியது. பிரிட்டனில் 2021 லேயே ஒரே பாலினத் திருமணத்துக்கு இடம் கொடுத்தார்கள். உடைந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் "அப்படிப்பட்டவர்களோடு நாங்கள் ஏன் சேர வேண்டும்" என்று அந்தப் பதிவின் கீழே எழுதிய தம்பிமாரே, எங்கள் வாங்குகளிலும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாருக்குத் தெரியும். நீங்கள் எழுதியதை அந்தப் பிள்ளைகளும் வாசித்தார்கள். அட்டை எழுதிய அந்தக் கிழவி, நாங்கள் எந்தக் கட்சி, எதை நம்புகிறோம் என்று கேட்டுவிட்டா அண்ணாவின் பெயரைச் சொன்னார்?

சமாதானம் என்று வருடத்துக்கு ஓர் ஆராதனை வைத்தால் எனக்குப் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சேகரக் கூட்டத்தில், அதாவது எங்கள் வட்டார ஆலயங்கள் சேர்ந்து கூடும் கூட்டத்தில், எழுத்தில் கொடுக்கப் போகிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை, வடக்கு கிழக்கு தெற்கு என்று பிரிக்காமல், ஞாயிறு ஜெபத்தில் வாசிக்க வேண்டும். மூன்று மொழியிலும். யாராவது எழுந்து போனால் போகட்டும், வாசிப்பை நிறுத்தக் கூடாது. வீட்டில் அப்படி ஒரு பெயர் இருப்பவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள். ஊரும் ஆண்டும் இருந்தால் போதும். சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.