கோழிக்கு முளைக்கிறது, நமக்கு முளைப்பதில்லை

சோமனூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்தக் காது முகாமைப் பற்றி நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அந்தக் காணொளியை எனக்கே அனுப்பியிருந்தீர்கள். மேடையில் நின்றவர், "கோழிக்குக் காதுல செத்த செல்லு மறுபடி முளைக்குது, மனுசனுக்கு முளைக்காதா?" என்று கேட்டதும் மண்டபமே கை தட்டியது. தட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். செல் வளர்க்கும் ஊசிக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "நாலு மாசத்துல முளைச்சுருமாமா கண்ணு, இது எதுக்கு இனி?" என்றார்.

முளைக்காது. இன்றைய நிலையில் மனிதக் காதில் அழிந்துபோன மயிர்ச்செல்லை, அதாவது சத்தத்தை உணர்ந்து நரம்புக்குச் செய்தி அனுப்பும் செல்லை, திரும்ப முளைக்கவைக்கும் மருந்து உலகில் எங்குமே விற்பனைக்கு இல்லை.

கோழி விஷயம் உண்மைதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. பேரொலியால் சேதமடைந்த கோழிக்குஞ்சின் காதிலும் காடையின் காதிலும் புதிய மயிர்ச்செல்கள் தோன்றுவதை 1988ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. மயிர்ச்செல்லைச் சுற்றியிருக்கும் துணைச்செல்கள் பிரிந்து பெருகி அந்த இடத்தை நிரப்புகின்றன. பல்லடத்துப் பண்ணையில் வளரும் கறிக்கோழிக்கு இருக்கும் அந்தத் திறன் நமக்கு இல்லை. பிறந்த எலிக்குட்டியிடம்கூட அது சில நாட்கள் மட்டும் கொஞ்சம் இருந்து மறைந்துவிடுகிறது. நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும் அவற்றை வைத்துத்தான் வாழ்நாள் முழுவதும் கேட்டாக வேண்டும். மேடைப் பேச்சில் பாதி உண்மை சொல்லப்பட்டது, மீதிப் பாதிக்குப் பணம் வாங்கப்பட்டது.

"ஆராய்ச்சி நடக்கிறதே, ஏன் நம்பிக்கையைக் கெடுக்கிறாய்?" என்று நேற்றே இருவர் கேட்டார்கள். நடக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவன் என்பதால் ஆவலோடு படித்துக்கொண்டும் இருக்கிறேன். அமெரிக்காவில் ப்ரீக்வென்சி தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம், துணைச்செல்களைத் தூண்டும் இரண்டு வேதிப்பொருள்களைச் செவிப்பறை வழியாக ஊசியில் செலுத்திப் பார்த்தது. தொடக்கத்தில் நம்பிக்கை தந்த அந்த மருந்து, 2023இல் முடிந்த பெரிய சோதனையில் மருந்தே இல்லாத வெற்று ஊசியைவிட மேலானதாக இல்லை என்று தெரிந்ததும் முயற்சியே கைவிடப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி முன்னின்று நடத்திய இன்னொரு சோதனையின் முடிவு 2024இல் வந்தது. அந்த மருந்தும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. எத்தனையோ ஆண்டு உழைத்தவர்கள் "பலிக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லும்போது, வாடகை மண்டபத்தில் ஒரு நாள் மேசை போட்டவருக்கு மட்டும் எப்படிப் பலித்தது?

சீனாவில் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கேட்டதே என்கிறார்கள். கேட்டது, 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் மரபணுச் சிகிச்சை பெற்ற ஆறு குழந்தைகளில் ஐவருக்குக் கேட்கத் தொடங்கியது. ஆனால் அவர்களுடைய மயிர்ச்செல்கள் உயிரோடுதான் இருந்தன; ஓட்டோஃபெர்லின் என்ற ஒரு புரதம் இல்லாததால் நரம்புக்குச் செய்தி போகவில்லை, அந்தப் புரதத்துக்கான மரபணுவை உள்ளே அனுப்பினார்கள். என் அப்பாவைப் போன்ற தறிக்காரர்களுக்குத் தறிச் சத்தத்தில் செத்த செல்லுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

"நீ என்ன மருத்துவரா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், மேடையில் நின்றவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்பதுதான்.

அப்பா 38 ஆண்டுகள் நாடா தறி ஓட்டினார். ஊடை நூலைச் சுமக்கும் நாடா இரண்டு பக்கமும் மோதித் திரும்பும் அந்தக் குடோனில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85க்கு மேல் போனாலே காதுக்குக் கேடு. உள்ளே யாரும் பேச மாட்டார்கள், பாவு இழை அறுந்தால் விரலைக் காட்டுவார்கள், சாப்பிடக் கூப்பிட வாயை மட்டும் அசைப்பார்கள். சின்ன வயதில் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும்போது அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே வைத்திருந்தது. அந்த 38 ஆண்டுகளில் ஒருவரும் அவருக்குக் காதடைப்பான் கொடுக்கவில்லை, ஒருமுறைகூடக் காதைச் சோதிக்கவில்லை. அன்று ஒரு முகாம் போட்டிருந்தால் அதுதான் முகாம்.

போன தை மாதம் உறவுக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பரிமாறிய பையன் இரண்டு முறை "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டும் பதில் வராததால், பக்கத்தில் இருந்தவர் "அது டமாரம், ஊத்து" என்று சிரித்தார். காதில் விழாவிட்டாலும் உதட்டைப் படிக்கத் தெரிந்த மனிதர் என் அப்பா. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். ஐயாயிரம் ரூபாயை அவர் ஏன் கட்டினார் என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் மேடையில் நின்றவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிஷின் செத்த செல்லை உயிர்ப்பிக்காது. மிஞ்சியிருக்கும் செல்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். அதைக் கழற்றிவிட்டு நான்கு மாதம் காத்திருந்தால் சொற்களைப் பிரித்தறியும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பேச்சு குறையும், மனிதர் திண்ணையோடு ஒடுங்குவார். கவனிக்கப்படாத செவித்திறன் இழப்பு மறதி நோய் வரும் அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று என்று இப்போது ஆய்வுகள் சொல்கின்றன. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மிஷினைக் கழற்ற விடாதீர்கள்.

பணம் கட்டியவர்களுக்குக் கொடுத்த துண்டுச்சீட்டில் மருந்தின் பெயரும் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. அதைத் தொலைத்துவிடாதீர்கள். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். சீட்டு வைத்திருப்பவர்கள் உடன் வாருங்கள்.

அப்பா வருவாரா என்று தெரியவில்லை. நேற்றிரவு புதுப் பேட்டரியின் செம்மஞ்சள் ஒட்டைப் பிரித்து மிஷினில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஒட்டைப் பிரித்துவிட்டால் காதில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அந்தப் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.